கை வருமா? – ஒரு ரோபோவின் கதை

பக்கவாதம் வந்த வீட்டில் எல்லோரும் முதலில் பார்ப்பது காலைத்தான். எழுந்து நாலு எட்டு வைத்துவிட்டால் பாதி நிம்மதி. கை அப்படியில்லை. கால் வந்த பிறகும் பலருக்குக் கை பின்தங்கி நிற்கும். பொத்தான் போட, சோறு பிசைய, இன்னொருவர் வேண்டும். "அந்தக் கைக்கு ரோபோ வந்திருக்காமே, ஊரில் அப்பாவுக்கு ஏற்பாடு செய்யலாமா?" என்று இங்கே நண்பர்கள் கேட்கிறார்கள். நான் டாக்டர் இல்லை. இயந்திரங்களோடு பிழைப்பு நடத்துகிறவன். கொஞ்சம் பழைய கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்தில் கைக்குப் பயிற்சி என்றால் வேலூர்தான். 1940களின் கடைசியில் சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாணை இடம் மாற்றி வைத்து அறுவை செய்தார். அறுவை பாதி வேலைதான். இடம் மாறிய தசைநாணுக்குப் புது வேலையைப் பழக்குவது மீதிப் பாதி. அங்கே பணியாற்றிய மேரி வர்கீஸ் கேரளத்துக்காரர். 1954 விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே நோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். 1966-ல் வேலூரில் திறந்த மறுவாழ்வு நிலையம் அவர் உழைப்பில் வந்தது. அந்தக் காலத்தில் முக்கியமான கருவி, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆளின் இரண்டு கைகள்.

இனி ரோபோ. 1989-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் நெவில் ஹோகன், ஹெர்மனோ கிரெப்ஸ் குழு 'எம்.ஐ.டி. மானஸ்' வேலையைத் தொடங்கியது. 1994-ல் நியூயார்க் மாநில மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளிடம் சோதித்தார்கள். நோயாளியின் முன்கையை ரோபோ கையில் கட்டிவிடுவார்கள். திரையில் ஒரு புள்ளி தெரியும், அதை நோக்கிக் கையை நகர்த்த வேண்டும். நகர்ந்தால் ரோபோ விட்டுக்கொடுக்கும். நகராவிட்டால் மெல்லக் கொண்டுபோய்ச் சேர்க்கும். முரட்டுத்தனமே இல்லாத இயந்திரம், அதுதான் அதன் சாமர்த்தியம்.

இது எதற்குத் தேவைப்பட்டது? 2009-ல் வட அமெரிக்காவில் 312 தெரபி வேளைகளைப் பக்கத்திலிருந்து எண்ணிப் பார்த்தார்கள். வேலைக்கு உதவும் கை அசைவு ஒரு வேளைக்குச் சராசரியாக வெறும் 32. ரோபோவோ ஒரே வேளையில் ஆயிரத்துக்கு மேல் செய்யவைக்கும். மூளை மறுபடி கற்றுக்கொள்ள எண்ணிக்கை வேண்டும் அல்லவா? ரோபோவுக்கு அலுப்பு கிடையாது, முதுகும் வலிக்காது :-)

2010-ல் வந்தது முக்கியமான பரீட்சை. பக்கவாதம் வந்து ஆறு மாதத்துக்கு மேலான 127 அமெரிக்க முன்னாள் படைவீரர்கள். ஒரு பிரிவுக்கு ரோபோ. ஒரு பிரிவுக்கு அதே தீவிரத்தில் மனிதர் தரும் தெரபி. ஒரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு. 12 வாரத்தில் 36 வேளை. கையின் இயக்கத்தை 66 புள்ளிக்கு அளந்தபோது, ரோபோவுக்கும் தீவிர தெரபிக்கும் ஒரு புள்ளிகூட வித்தியாசமில்லை. வழக்கமான கவனிப்பை விட ரோபோ முந்தியது 36 வாரம் கழித்துத்தான், அதுவும் சுமார் மூன்று புள்ளி.

2019-ல் பிரிட்டனில் இன்னும் பெரிய ஆய்வு, 770 பேர். கை முன்னேறியவர்கள் ரோபோ பிரிவில் 44 சதவீதம், கூடுதல் மனித தெரபியில் 50, வழக்கமான கவனிப்பில் 42. மனித தெரபி முன்னே தெரிந்தாலும் அது தற்செயல் இல்லை என்று அறுதியிட முடியவில்லை. ரோபோவுக்கு ஆகும் செலவுக்கு ஏற்ற பலன் இல்லை என்பது மட்டும் தெளிவு.

சரி, நம் ஊருக்கு வருவோம். நான் வித்துராக்காரன். திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்கு ஏறும் வழி. எஸ்டேட் தமிழர்களும் காணிக்காரர்களும் உள்ள மலையடிவாரம். 2005-ல் திருவனந்தபுரத்தில் எடுத்த பக்கவாதப் பதிவேட்டின்படி, வயதைச் சரிசெய்து பார்த்தால் ஆண்டுக்கு லட்சம் பேரில் நகரத்தில் 135, கிராமத்தில் 138. நோய்க்கு நகரம், மலை என்ற பேதமில்லை. தெரபிக்கு உண்டு. வித்துராவிலிருந்து நகரம் சுமார் 40 கி.மீ. அந்த 36 வேளைக்கும் போய்வந்தால் 2,880 கி.மீ. ஏறக்குறைய தில்லி போகிற தூரம். ஒரு கை விளங்காதவர் மலைப்பாதை பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும்.

அப்படியானால் வீட்டாரே செய்தால் என்ன? அதையும் பார்த்துவிட்டார்கள். 2017-ல் வெளியான இந்திய ஆய்வில் 14 மருத்துவமனைகள், 1,250 நோயாளிகள். குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்து வீட்டில் செய்யச் சொன்னார்கள். ஆறு மாதம் கழித்து, பிறரைச் சார்ந்திருப்பது குறையவில்லை. ஆகவே "அம்மா பார்த்துக்கொள்வாள்" என்று போனை வைப்பதும் தீர்வில்லை.

வேலூர் இங்கே திரும்பவும் வருகிறது. சி.எம்.சி.யும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து 'புளூட்டோ' என்ற சின்னக் கருவியைச் செய்தன. ஒரே மோட்டார், பிடியை மாற்றி மாட்டி மணிக்கட்டு, முன்கை, விரல் என்று பழகலாம். மேஜையில் வைக்கிற அளவுதான். கேரளத்தில் 2008-லேயே வலிதணிப்புக் கொள்கை வந்து, ஊராட்சி நர்ஸ் படுக்கையில் கிடப்பவரின் வீடு தேடிப் போகிற வழக்கம் இருக்கிறது. அந்த நர்ஸ் போகும் பாதையில் ஒரு பிசியோதெரபிஸ்டும் அப்படியொரு பெட்டியும் வாரம் மூன்று நாள் போனால், வித்துராவில் ஆயிரம் அசைவு நடக்காத காரியமில்லை.

ஆகவே பணம் அனுப்புமுன் மூன்று கேள்வி கேளுங்கள். ஒரு வேளையில் அப்பாவின் கை எத்தனை தடவை அசைகிறது? வாரத்துக்கு எத்தனை நாள், எத்தனை மாதம்? நிறுத்திவிடாமல் பார்க்கப் பயின்ற ஆள் யார்? இவற்றுக்குப் பதில் சொல்ல முடியாத இடத்தில் ரோபோ இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.