9 பின்னா, 24 பின்னா?

1990-களில் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் வாங்க நினைத்த செங்கல்பட்டுக்காரருக்கு எளிதான வழி, மின்சார ரயிலேறி சென்னை எழும்பூரில் இறங்கி, எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போவதுதான். வீட்டுக் கம்ப்யூட்டர் என்ற பெயரே பாதி பொய். விளையாட வாங்கியவர்கள் குறைவு. முன்னறையில் வைத்து ஜாப் டைப்பிங், கணக்கு, பில் என்று நாலு காசு பார்க்க வாங்கியவர்களே அதிகம். அதனால் கடைக்காரர் முதலில் கேட்பது "என்ன அடிக்கப் போறீங்க?" என்றுதான்.

பதிலைப் பொறுத்து அடுத்த கேள்விகள் வரும். 80 காலமா, 132 காலமா, அதாவது ஒரு வரியில் எத்தனை எழுத்து விழ வேண்டும்? ஹெட்டில் 9 பின்னா, 24 பின்னா, அதாவது புள்ளி குத்தும் ஊசி எத்தனை? இரண்டிலும் பெரிய எண்ணுக்குப் பெரிய விலை. கெட்டிக்காரர்கள் 80 காலம் மெஷினையே வாங்கி, எழுத்தை நெருக்கி அடிக்கும் கண்டென்ஸ்டு மோடில் போட்டு 132 எழுத்தையும் எட்டு அங்குலத்துக்குள் அடைத்துவிடுவார்கள். கண்தான் வலிக்கும்.

இந்த ஏற்பாடெல்லாம் வெளிநாட்டில் முடிவானது. ஜப்பானின் ஓகி 1968-இலும், அமெரிக்காவின் சென்ட்ரானிக்ஸ் 1970-இலும் புள்ளி புள்ளியாக அடிக்கும் மெஷின்களைக் கொண்டுவந்தன. சென்ட்ரானிக்ஸ் பிரிண்டர்கள் மறைந்த பிறகும், கேபிளின் 36 பின் முனைக்கு அந்தப் பெயர் நிலைத்தது. 1980-இல் எப்சன் விட்ட எம்எக்ஸ்-80 தான் வீட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது. 9 பின், வினாடிக்கு 80 எழுத்து, தேய்ந்தால் கழற்றி மாற்றக்கூடிய ஹெட். எப்சனின் கட்டளை மொழியை மற்ற கம்பெனிகளும் பின்பற்றியதால், எந்தப் பிராண்டை எடுத்தாலும் "எப்சன் கம்பாட்டிபிள்தானே?" என்று கேட்டுக்கொள்வது வழக்கமாயிற்று.

1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு கம்ப்யூட்டர் கொள்கையைத் தளர்த்தியது. அதன்பின் விப்ரோ எப்சன் வகை மெஷின்களை எல்எக்ஸ், எல்க்யூ என்ற அதே வரிசைப் பெயர்களில் இங்கே விற்றது. சென்னையின் டிவிஎஸ் எலெக்ட்ரானிக்ஸுக்கு எம்எஸ்பி வரிசை. வாங்குபவரைப் பொறுத்தவரை, ரிப்பனும் ரிப்பேரும் பக்கத்தில் கிடைப்பதே பெரிய தகுதி.

தமிழ் அடிக்க வேண்டும் என்று சொன்னால் கணக்கு மாறிவிடும். ஆங்கில எழுத்து 9 பின் உயரத்துக்குள் அடங்கும். அதன் வடிவங்கள் பிரிண்டரின் நினைவகத்திலேயே இருக்கும். தமிழுக்கு இரண்டு வசதியும் இல்லை. மேலே கொக்கி போடும் இகரம், கீழே வளையும் உகரம், நடுவே சுழிகள். ஆதலால் எழுத்தைக் கம்ப்யூட்டரே படமாக வரைந்து அனுப்ப வேண்டும். ஹெட் ஒரே வரியின் மேல் இரண்டு மூன்று முறை ஓட வேண்டும். கனடாவில் கே. சீனிவாசன் 1984-இல் உருவாக்கிய ஆதமி, மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய முரசு என்று டாஸ் காலத்துத் தமிழ் மென்பொருள்கள் எல்லாமே இந்தப் புள்ளிச் சிக்கலோடு மல்லுக்கட்டின. 9 பின்னில் 'ஞ'வின் சுழி மையில் அடைபட்டுப்போகும். 24 பின்னில் தெளிவாக விழும். தமிழுக்காகத்தான் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியிருந்தது என்பது கொஞ்சம் கசப்பான உண்மை.

வாங்கிய பிறகு செலவு ரிப்பனில். எழுத்து மங்கினால் கேட்ரிட்ஜைத் திறந்து ரிப்பனை மட்டும் மாற்றுவார்கள், அல்லது மை ஊற்றிப் பார்ப்பார்கள். தாறுமாறாக ஊற்றினால் பின் சிக்கிக்கொள்ளும். மிச்சம்பிடித்த காசு ஹெட் ரிப்பேருக்குப் போகும். ஓரத்தில் துளையிட்ட தொடர்தாளுக்கும், அடித்து முடித்தபின் அதன் வெற்றுப் பின்பக்கத்துக்கும் வீட்டுப் பிள்ளைகளிடையே தனி மவுசு.

இங்க்ஜெட்டும் லேசரும் வந்தபோது கதை முடிந்தது என்றார்கள். முடியவில்லை. ஹெட்டில் உள்ள பின்கள் தாளைக் குத்துவதால் கார்பன் வழியாக அடுத்த தாளிலும் எழுத்து விழும். மற்ற இரண்டுக்கும் இந்த வித்தை தெரியாது. ரயில் பெட்டியில் ஒட்டிய முன்பதிவுப் பட்டியலை, 2018-இல் பெரிய நிலையங்களில் அது நிறுத்தப்படும்வரை, தொடர்தாளில்தான் அடித்தார்கள். வங்கி பாஸ்புக்கில் இன்றும் விழுவது 24 பின் எழுத்தே.

2017 ஜூலையில் வந்த ஜிஎஸ்டி இதற்கு இன்னும் ஆயுள் கொடுத்தது. அதன் 48-ஆம் விதிப்படி சரக்குக்கான பில் மூன்று பிரதி: வாங்குபவருக்கு ஒன்று, வண்டிக்காரருக்கு ஒன்று, விற்பவருக்கு ஒன்று. மின்னணு பில் (இ-இன்வாய்ஸ்) கட்டாயமான பெரிய கம்பெனிகளுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. மறைமலை நகரிலிருந்து உதிரிபாகம் அனுப்பும் சிறு பட்டறைக்கு இல்லை. டாலி மென்பொருளிலும் டாட் மேட்ரிக்ஸுக்கென்று தனி அச்சு வடிவம் இருக்கிறது.

9 பின், 80 காலம் கொண்ட எப்சன் எல்எக்ஸ்-310 இப்போதும் புதிதாகக் கிடைக்கிறது. மூலத்தோடு நான்கு கார்பன் பிரதி எடுக்கும். பில்லுக்கு அது போதும். தமிழும் அடிக்க வேண்டுமென்றால் 24 பின் வாங்குங்கள். எதுவானாலும் மெஷினின் விலைக்கு முன் ரிப்பனின் விலையைக் கேளுங்கள்.