கின்சி வீதியில் பிறப்புரிமையியல்: ஒரு கல்வித்துறை வேரூன்றிய விதம்

இலங்கையின் மனிதப் பிறப்புரிமையியல் வரலாற்றை எழுதப் புகுவோர் சிங்களவர் வட இந்தியாவிலிருந்து வந்த இளவரசன் விஜயனின் வழியினர் என்ற கதையைத் தொடாமல் போவதில்லை. அவுஸ்திரேலிய ஆய்வாளர் ஆர். எல். கேர்க் 1976இல் வெளியிட்ட கட்டுரை, இரத்தக் குறிகளை ஒப்பிட்டு, சிங்களவர் குஜராத், பஞ்சாப் மக்களைவிடத் தென்னிந்தியத் தமிழருக்கும் கேரளத்தவருக்கும் வங்காள மேல்சாதியினருக்கும் அணுக்கமானவர் என்றது. யார் எங்கிருந்து வந்தார் என்ற வழக்கு பத்திரிகைகளுக்கு இன்றும் தீனி. ஆனால் கொழும்பில் இத்துறையை ஒருவர் வாழ்நாள் தொழிலாகக் கொள்ளும்படி வளர்த்தது அந்த வழக்கன்று. வைத்தியசாலைக்கு வந்த குடும்பங்களே.

1870இல் தொடங்கிய மருத்துவப் பாடசாலையின் வழிவந்தது, கின்சி வீதியிலுள்ள கொழும்பு மருத்துவபீடம். அங்கே மனிதப் பிறப்புரிமையியல் அலகு 1983இல் அமைந்தது. நாட்டில் அதுவே முதலாவது. கொழும்புத் தமிழர் வாழும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அந்த ஆண்டுக்குத் தமிழருக்கு எதிரான ஆடிக் கலவரம் என்ற ஒரே பொருள்தான். அதே ஆண்டில் இப்படியொன்றும் பிறந்தது என்றால் நம்பத் தயங்குவர்.

அலகை நெடுங்காலம் நடத்திய ரொஹான் ஜயசேகரவும், பின்வந்த வஜிர திசாநாயக்கவும் உடற்கூற்றியல் பேராசிரியர்கள். இது தற்செயல் என நான் கருதவில்லை. கருவளர்ச்சியும் பிறவிக் குறைபாடுகளும் உடற்கூற்றியலாரின் பாடங்கள். குறைபாட்டோடு பிறந்த பிள்ளையைக் காட்டி ஏன் என்று கேட்ட தாய்க்குப் பதில் சொல்லும் கடமை, விரிவுரை மண்டபத்திலிருந்தே அவர்களைத் தேடி வந்தது.

அந்தப் பதில் நிறமூர்த்தங்களில் இருந்தது. இரத்தத்தின் வெண்கலங்களை மூன்று நாள் வளர்த்து, கொல்கிசினால் பிரிவை இடைநிறுத்தி, நுணுக்குக்காட்டியின் கீழ் 46ஐயும் எண்ண வேண்டும். டவுண் கூட்டறிகுறியுள்ள பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு 21ஆவது நிறமூர்த்தம் ஒன்று தனியே கூடியிருக்கும். நூற்றுக்கு மூன்று, நான்கு பேரில் அது வேறொரு நிறமூர்த்தத்தோடு ஒட்டியிருக்கும். 14ஆவதோடு ஒட்டியதைத் தாய் காவியாகச் சுமந்தால், அடுத்த பிள்ளைக்கும் அது வரும் வாய்ப்பு ஏறத்தாழ 10 முதல் 15 சதவீதம். தந்தை சுமந்தால் மிகக் குறைவு. பிள்ளையின் முகத்தைப் பார்த்து இந்த வேறுபாட்டைச் சொல்லிவிட முடியாது. ஆய்வுகூடம் ஆடம்பரமல்ல என்று பல்கலைக்கழகத்தை ஏற்கச் செய்ய இதுபோன்ற ஒரு கணக்கே போதுமானது.

அடுத்த தலைமுறை மூலக்கூற்று முறைகளோடு வந்தது. திசாநாயக்க நொட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் கர்ப்பகால முன்வலிப்பின் பரம்பரையலகுகளை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பினார், பின்னர் பீடாதிபதியுமானார். வெளிநாட்டில் பட்டம், திரும்பியதும் கற்பித்தல், அதோடு சிகிச்சை நிலையம், எஞ்சிய நேரத்தில் ஆய்வு என்பதே இங்கு இத்துறையாளரின் வாழ்க்கை ஒழுங்கு. இதனால் அடிப்படை ஆய்வு மெலிந்தது என்பது என் கணிப்பு. எனினும் முதுமாணிக் கற்கைநெறிகள் இங்கேயே தொடங்கியபின், அடிப்படைப் பயிற்சிக்காகவே கப்பலேற வேண்டிய நிலை மாறியது.

பொதுமக்கள் இத்துறையை அறிந்தது வேறு வழியில். 2004 சுனாமியன்று கல்முனை வைத்தியசாலையில் 81ஆவதாகச் சேர்க்கப்பட்ட கைக்குழந்தைக்கு ஒன்பது தாய்மார் உரிமை கோரினர் என உலகப் பத்திரிகைகள் எழுதின. நீதிமன்றம் சென்றது ஒரே தமிழ்த் தம்பதி. 2005 பெப்ரவரியில் கொழும்பில் நடந்த டி.என்.ஏ. சோதனை அவர்களே பெற்றோர் என உறுதிசெய்தது.

ஆலோசனை அறையின் அன்றாட வேலை இத்தனை பரபரப்பானதன்று. மச்சாளை மணக்கலாமா என்பது தமிழ்க் குடும்பங்களின் பழைய கேள்வி. நேர் மச்சான், மச்சாள் இருவரும் பரம்பரையலகுகளில் எட்டில் ஒரு பங்கைப் பொதுவாகக் கொண்டவர்கள். பிறவிக் குறைபாட்டுக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் உள்ள இரண்டு, மூன்று சதவீத ஆபத்தோடு, இவர்களின் பிள்ளைகளுக்கு இன்னும் இரண்டு, மூன்று சதவீதம் கூடும். குடும்பத்தில் தலசீமியா போன்ற நோய் ஏற்கெனவே இருந்தால் இந்தச் சராசரி உதவாது. இருவரின் இரத்தத்தையும் சோதித்த பிறகே மறுமொழி சொல்லலாம்.