நாரும் பஞ்சும் நல்கிய நெருப்பு

இங்கிலாந்தின் ஸ்டாக்டன் நகரத்து மருந்து வணிகர் ஜான் வாக்கர், உரசினால் பற்றும் குச்சிகளை 1827-ல் விற்கத் தொடங்கி, பின்னர் ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் தீப்பெட்டிகள் கப்பலேறி நம் துறைமுகங்களில் வந்திறங்கி, கல்கத்தா சென்று அத்தொழிலைக் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923-ல் சிவகாசியில் உற்பத்தியை ஆரம்பித்த பிறகே, தீக்குச்சி நமக்குச் சொந்தப் பண்டமாயிற்று. அதற்கு முன்பெல்லாம் அக்கினியை உண்டாக்கவும் காக்கவும் நம்மவர்க்குத் துணைநின்றவை, மரமும் செடியும் உதிர்த்த கழிபொருள்களே.

சிக்கிமுக்கிக் கல்லில் இரும்பைத் தட்டுகையில் பறக்கும் பொறி க்ஷணநேரமே உயிர்தரிப்பது; விறகை அது ஒன்றும் செய்யாது. ஆகையால் பஞ்சையோ கந்தல் பருத்தித் துணியையோ காற்றுப் புகாதபடி கருக்கி, ஈரம் படாமல் பத்திரப்படுத்திக்கொண்டார்கள். கருகிய இழையில் ஈரமும் ஆவியாகும் பொருள்களும் நீங்கி, நுண்துளைகள் நிறைந்த கரி மட்டுமே எஞ்சுவதால், அற்பப் பொறியும் அதில் தங்கிக் கனலாகிவிடும். கூந்தற்பனையின் மட்டையடியில் படிந்திருக்கும் பழுப்புப் பஞ்சும் பொறி ஏற்கப் பயன்பட்டது. அக்கனலை உலர்ந்த தேங்காய் நாரில் பொதிந்து ஊதிச் சுடரெழுப்பி, பன்னாடை, பாளை, சுள்ளி என்று படிப்படியாக ஏற்றிக் கடைசியில் விறகுக்குக் கொண்டுசெல்வர். இக்கிரமம் தவறினால் புகைதான் மிஞ்சும்.

இவற்றுள் நான் பெரிதும் வியப்பது தேங்காய் நாரையே. லிக்னின் என்னும் மரப்பொருள் அதில் மிகுந்திருப்பதால், முறுக்கித் திரித்த கயிற்றின் நுனியில் நெருப்பிட்டால், பருத்தியைப்போல் விரைவில் எரிந்து தீராமல், சுடரின்றிக் கனன்று, மெள்ள மெள்ளக் குறுகிவரும். பெட்டிக்கடை வாசலில் தொங்கிய அந்தக் கயிறு, பீடியும் சுருட்டும் பற்றவைக்க வந்தவர்க்கெல்லாம் நாள் முழுவதும் நெருப்பு வழங்கிற்று. தீக்குச்சி பரவிய பின்னும், 1934-ல் சர்க்கார் தீப்பெட்டிக்குக் கலால் வரி விதித்த பின்னும், அது தன் ஸ்தானத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

வீடுகளிலோ, இரவில் கங்கைச் சாம்பலால் மூடி வைப்பதும், அது அவிந்துபோனால் அடுத்த வீட்டிலிருந்து சிரட்டையில் நெருப்பு வாங்கி வருவதும் வழக்கம்.

பெரும்பாலும் கைப்பழக்கமாகவே தலைமுறைதோறும் வந்த இந்த ஞானம், கைகள் மறந்தால் அழிந்துபோகும். ஆதலின், கயிற்று நெருப்பையும் சாம்பலுள் காத்த கங்கையும் கண்ட முதியோர் உங்கள் இல்லத்தில் இருப்பாராயின், எந்த நாரை எப்படி உலர்த்தினார்கள், கங்கை விடியுமளவும் எவ்விதம் காத்தார்கள் என்பதைக் கேட்டு, அவர்கள் சொல்லும் வார்த்தைகளிலேயே எழுதி வையுங்கள்.