பாக்ஸ்ல இருக்கிறது வேற... கடையில நிக்கிறது வேற! பிளாக்ஸ் மாடல்களின் உள்கட்டு ரகசியம்

அக்கா பையனைக் கூட்டிக்கொண்டு சேலத்துக்கோ கோவைக்கோ ஷாப்பிங் போகிறீர்கள். பொம்மைக் கடை வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு டைனோசர். முழுக்கக் குட்டிக் குட்டி பிளாஸ்டிக் பிளாக்குகளால் கட்டியது. "மாமா, எனக்கு இது வேணும்." உள்ளே போய் டைனோசர் படம் போட்ட பாக்ஸை வாங்கி, பில்லைப் பார்த்து ஒரு தடவை எச்சில் விழுங்கிவிட்டு, எடப்பாடிக்கு பஸ் ஏறுகிறீர்கள். வீட்டில் கட்டி முடித்தால் உள்ளங்கையில் உட்காருகிற டைனோசர். பையன் முகம் போன போக்கு இருக்கே...

கடை வாசலில் நின்றது கிட்டத்தட்ட ஒரு சின்னக் கட்டடம். அதற்கு பிளான் உண்டு, உள்ளே கம்பி உண்டு, பசை உண்டு. அது எப்படி எழும்புகிறது என்று தெரிந்துகொண்டால் அடுத்த தடவை பர்ஸைத் திறக்கும்போதும் உதவும். சொந்தமாகக் கடை வைத்திருந்தால் இன்னும் உதவும்.

முதலில் கொஞ்சம் கணக்கு

இன்று நமக்குத் தெரிந்த வடிவத்தில் லெகோ பிளாக்குக்கு டென்மார்க்கில் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது 1958 ஜனவரி 28-ம் தேதி. அன்றிலிருந்து அளவு மாறவில்லை. மேலே இருக்கும் ஒரு குமிழுக்கும் அடுத்த குமிழுக்கும் நடுவே 8 மில்லிமீட்டர். ஒரு பிளாக்கின் உயரம் 9.6 மில்லிமீட்டர். இந்த இரண்டு எண் போதும்.

ஐந்தடி உயரத்துக்கு ஒரு பொம்மை வேண்டுமா? சுமார் 159 வரிசை அடுக்க வேண்டும். எட்டுக் குமிழ் இருக்கும் வழக்கமான பிளாக் ஒன்று இரண்டரை கிராமுக்குள் இருக்கும். இலேசுதானே என்று நினைக்காதீர்கள். ஒரு மீட்டர் நீள, அகல, உயரத்தில் ஒரு பெட்டியை உள்ளே இடைவெளியே இல்லாமல் அடைத்துக் கட்டினால் இரண்டு லட்சத்துக்கும் மேல் பிளாக் ஆகும். எடை 450 கிலோவைத் தாண்டும். டைல்ஸ் போட்ட தரையில் அதை யார் நகர்த்துவது?

அதனால்தான் பெரிய மாடல் எதுவும் உள்ளே திடமாக இருப்பதில்லை. வெளிச்சுவர் மட்டும் ஓரிரு பிளாக் தடிமன். உள்ளே அங்கங்கே குறுக்குச் சுவர். வீட்டுக்கு பில்லர், பீம் மாதிரி. லண்டன் லெஸ்டர் ஸ்கொயர் லெகோ கடையில் 2016-ல் வைத்த பிக் பென் கோபுரம் ஆறு மீட்டருக்கும் மேல் உயரம். அதற்கே சுமார் இரண்டு லட்சம் பிளாக்தான் ஆனது. நம் ஒரு மீட்டர் பெட்டிக்கு ஆன அதே அளவு!

இன்னும் பெரிதானால் உள்ளே இரும்புச் சட்டம் வரும். 2013 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் ஸ்கொயரில் நிறுத்திய ஸ்டார் வார்ஸ் விண்கலத்தில் 53 லட்சத்துக்கும் அதிகமான பிளாக். செக் குடியரசின் கிளாட்னோ ஊரில் இருக்கும் லெகோ மாடல் பட்டறையில் 32 பேர் சேர்ந்து, 17 ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் உழைத்துக் கட்டினார்கள். எடை சுமார் 20 டன். இரும்புச் சட்டம் இல்லாவிட்டால் இறக்கை தன் எடையிலேயே ஒடிந்திருக்கும்.

கொத்தனார் சொல்வதுதான் இங்கேயும்

செங்கல் சுவரில் ஜாயின்ட் மேல் ஜாயின்ட் வந்தால் கொத்தனார் திட்டுவார். இங்கேயும் அதே சட்டம். மேல் வரிசை பிளாக், கீழே இருக்கும் இரண்டு பிளாக்குகளின் இணைப்பை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். இல்லையென்றால் சுவர் கோடு பிடித்தாற்போல் பிளக்கும்.

விலை குறைகிறதே என்று இரண்டு மூன்று கம்பெனி பிளாக்குகளைக் கலந்தால் வேறொரு சிக்கல். ஒரு பிளாக்குக்கு 0.05 மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் கையில் தெரியாது. 159 வரிசை ஏறும்போது அது 8 மில்லிமீட்டர் ஆகிவிடும். இடது தோள் ஒரு குமிழ் அளவுக்கு மேலே, வலது தோள் கீழே!

பசைக்கு வருவோம். கடையில் குழந்தைகள் கைபடும் இடத்தில் நிற்கும் பெரிய மாடல்கள் ஒட்டப்பட்டவை. தட்டிப் பார்த்தால் பிளாக் கழன்று வராது. ஃபெவிகால் இதற்கு ஆகாது. வழவழப்பான பிளாஸ்டிக்கில் அது பிடிக்காது. சூப்பர் குளூ பிடிக்கும், ஆனால் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்து அசிங்கமாகிவிடும். ஏபிஎஸ் என்ற அந்த பிளாஸ்டிக்கையே இலேசாகக் கரைத்து ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் திரவத்தைத்தான் பட்டறைகளில் பயன்படுத்துகிறார்கள். அதன் ஆவி ஆளுக்கு நல்லதில்லை, காற்றோட்டமும் மாஸ்க்கும் இல்லாமல் அந்த வேலை செய்வதில்லை. வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம், ப்ளீஸ்.

மேட்டூர் டேமை எப்படிக் கட்டுவீர்கள்?

எடப்பாடியில் பொம்மைக் கடை வைத்திருப்பவர் ஒருவர் வாசலில் நம்ம ஊர் அடையாளமாக ஏதாவது நிறுத்த ஆசைப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். உடனே தோன்றுவது மேட்டூர் அணை. 1934-ல் கட்டி முடித்தது, நீளம் சுமார் 1,700 மீட்டர், உயரம் சுமார் 65 மீட்டர். ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருக்கினால் 1.7 மீட்டர் நீளம். சரி, ஷோகேஸில் அடங்கும். உயரம்? ஆறரை சென்டிமீட்டர். ஏழே வரிசை பிளாக். சப்பென்று கிடக்கும் ஒரு காம்பவுண்ட் சுவர்! யாரும் நின்று பார்க்க மாட்டார்கள்.

டிசைனருக்கான வேலை இங்கேதான் ஆரம்பிக்கிறது. எதை விடுவது, எதைப் பெரிதாக்குவது? என்னைக் கேட்டால் அணையை விட்டுவிட்டு 16 கண் மதகை மட்டும் எடுப்பேன். தண்ணீர் திறந்தால் நாம் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் செல்ஃபி எடுப்பது அங்கேதானே? ஒரு கண்ணுக்கு 12 குமிழ் அகலம் கொடுத்தால் 16 கண்ணும் சேர்ந்து 1.5 மீட்டர், அதாவது ஐந்தடி. ஒரு கண்ணை யோசித்து வடிவமைத்தால் போதும், மீதி பதினைந்தும் அதன் காப்பி. தனித்தனியாகக் கட்டி, கடைக்குள் கொண்டுவந்து சேர்த்துக்கொள்ளலாம். இதை இலேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முழுசாகக் கட்டிவிட்டு, ஷட்டர் வழியே நுழையவில்லை என்று நிற்பதைவிடக் கொடுமை எதுவும் இல்லை. நீருக்கு நீல நிறத்தில் ஒளி ஊடுருவும் துண்டுகள், அடியில் வெள்ளை எல்இடி. ஆடி மாசம் வந்துவிடும்!

இதையெல்லாம் கையில் பிளாக் எடுப்பதற்கு முன்பே கம்ப்யூட்டரில் பார்த்துவிடலாம். பிரிக்லிங்க் ஸ்டூடியோ என்ற மென்பொருள் இலவசம். எத்தனை பிளாக், என்ன நிறம் என்று லிஸ்ட்டும் கொடுத்துவிடும். போனில் ஓடாது, லேப்டாப் வேண்டும்.

பட்ஜெட் இல்லையா? சுவரில் மாட்டும் மொசைக் போதும். இதில் எடப்பாடிக்காரர்களுக்கு யாரும் கிளாஸ் எடுக்கத் தேவையில்லை. இளம்பிள்ளை சேலையில் மயில் வருவதற்கு முன் அது கட்டம் போட்ட தாளில் புள்ளி புள்ளியாக வந்தாக வேண்டும். இன்று அதே கட்டம் கம்ப்யூட்டருக்குப் போயிருக்கலாம், கணக்கு அதேதான். பிளாக் மொசைக்கும் அப்படித்தான், ஒரு குமிழ் ஒரு புள்ளி. 48-க்கு 48 குமிழ் உள்ள தட்டு ஒன்றில் 2,304 புள்ளி, ஒரு பக்கம் 38.4 சென்டிமீட்டர். நாலு தட்டு சேர்த்தால் ஒரு முகம் தெளிவாக வரும். பக்கத்தில் நின்றால் வெறும் கட்டம், எதிர்ச்சாரியிலிருந்து பார்த்தால் முகம். ரோட்டில் போகிறவரை நிறுத்த அது போதாதா?

எந்த உயரத்தில் வைப்பது?

ஐந்து வயசுக் குழந்தையின் கண் தரையிலிருந்து சுமார் மூன்றேகால் அடியில் இருக்கும். பெரியவர் கண்ணுக்கு நேராக வைத்த மாடல் அந்தக் குழந்தைக்கு வெறும் அடிப்பலகைதான். அதனால் சின்னப் பிள்ளைகளுக்கான பெரிய சைஸ் பிளாக் கீழ்த்தட்டில், பெரியவர்கள் வாங்கும் கார், பூச்செண்டு மாடல்கள் மேல்தட்டில். நவராத்திரி கொலுவில் படி எதற்கு? பின்னால் இருப்பதை முன்னால் இருப்பது மறைக்கக் கூடாது. கடையிலும் அதே படிதான். நடுவில் ஒரு மேஜை போட்டு ஒட்டாத பிளாக்குகளைக் கொட்டி வைத்தால் இன்னும் நல்லது. கட்டிப் பார்த்த கை சும்மா திரும்பாது, கடைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

நம்ம ஊர் வெயிலை மறந்துவிடாதீர்கள். மேற்குப் பார்த்த கடை என்றால் வெள்ளை பிளாக் நாளடைவில் மஞ்சளாகிவிடும். ரோட்டுப் புழுதி குமிழுக்கு நடுவில் போய் உட்கார்ந்தால் பெயின்ட் பிரஷ் வைத்துத்தான் எடுக்க முடியும். அக்ரிலிக் மூடி செலவாகத் தெரியும், ஆனால் மிச்சம் பிடிக்கும்.

செலவு என்றதும் ஞாபகம் வருகிறது. இந்தியாவில் பொம்மை இறக்குமதி வரி 2020-ல் 20 சதவிகிதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70. இந்தியாவில் லெகோவின் அங்கீகாரம் பெற்ற முதல் கடையே 2025-ல்தான் குருகிராமில் வந்தது. சின்ன ஊர்க் கடைக்காரர் ஒரிஜினல் பிளாக்கில் ஐந்தடி மாடல் கட்டத் தயங்குவது நியாயம்தான். உள்ளூர் பிளாக்கில் கட்டலாம், தப்பே இல்லை. ஒரே கம்பெனி, முடிந்தால் ஒரே லாட்.

சரி, நம்ம டைனோசருக்கு வருவோம். அடுத்த தடவை பாக்ஸைக் கையில் எடுத்ததும் படத்தைப் பார்க்காதீர்கள், துண்டுகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். சில பாக்ஸில் கட்டி முடித்த பிறகு எத்தனை சென்டிமீட்டர் என்றே போட்டிருக்கும். இல்லையென்றால் போனில் மாடல் நம்பரைத் தேடினால் வந்துவிடும். அந்த அளவைப் பையனிடம் விரல் விரித்துக் காட்டிவிட்டு, "இவ்ளோதான் இருக்கும், பரவாயில்லையா?" என்று கேட்டுவிடுங்கள். வயசு வரம்பையும் பாருங்கள், மூன்று வயசுக்குக் கீழே சின்னத் துண்டு தொண்டையில் சிக்கும். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்றும் திருப்பிப் பாருங்கள். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு அது கட்டாயம்.