பிளேடோடு பைபிள் படித்தவர்

பைபிளில் வர்ற அற்புதங்களை நம்பற ஃப்ரெண்டை ரொம்ப கிண்டல் பண்ணேன். "நீ அதைப் படிச்சிருக்கியா?"ன்னு கேட்டான். இல்லை.

அமெரிக்காவின் முன்னாள் அதிபர் தாமஸ் ஜெஃபர்சனும் அற்புதங்களை நம்பாதவர்தான். ஆனா படிச்சார். 1820 வாக்கில், எழுபது வயசைத் தாண்டின பிறகு, கிரேக்கம், லத்தீன், பிரெஞ்சு, ஆங்கிலம்னு நான்கு மொழிப் புதிய ஏற்பாடுகளை வெட்டி ஒட்டினார். இயேசுவின் போதனைகள் உள்ளே, அற்புதங்கள் வெளியே. உயிர்த்தெழுதல் கிடையாது, கல்லறையோடு கதை முடியுது. அதை அவர் வெளியிடவே இல்லை.

அதே 1820-ல் கல்கத்தாவில் ராம்மோகன் ராயும் போதனைகளை மட்டும் தொகுத்தார். வெளியிட்டார். செராம்பூர் மிஷனரிகள் கடுமையா எதிர்த்தாங்க.

வெட்டறதுக்கும் வரி வரியா படிக்கணும். அந்த ஃப்ரெண்டுகிட்டயே பைபிள் கேட்டிருக்கேன். பிளேடை அப்புறம் பார்க்கலாம்.