கொயிம்பிரா மாணவரின் உதைபந்தாட்டம்

வெலிமடையிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் உதைபந்தாடும் சிறுவர், காலில் அணிவதைச் ‘சப்பாத்து’ என்பர். வகுப்பறையிலுள்ள மேசை, கதிரை என்பன போல இச்சொல்லும் போர்த்துக்கீசர் நம் நாட்டில் விட்டுச்சென்றதாகும். ஊவா மண்ணுக்கும் அவர்களுக்கும் பழம்பகையும் உண்டு. 1630ஆம் ஆண்டில், வெல்லவாயவை அடுத்த ரந்தெனிவெலவில் கண்டியரசின் படை, போர்த்துக்கீசத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சாவை வீழ்த்தியது. படைவலியாற் பிற நாடுகளை அடக்கிய அந்நாட்டு ஆட்சி, இருபதாம் நூற்றாண்டிலே தன் சொந்த மக்களின் வாயையும் அடைத்தது. அவ்வடக்குமுறையின் முன் ஒரு பல்கலைக்கழக உதைபந்தாட்ட அணி தலைநிமிர்ந்து நின்றது. அதன் வரலாறு நம் மாணவரும் அறியத்தக்கது.

1290ஆம் ஆண்டு நிறுவப்பட்ட போர்த்துக்கலின் தொன்மையான பல்கலைக்கழகம், 1537 முதல் கொயிம்பிரா நகரில் நிலைகொண்டது. கறுப்பு மேலங்கி அங்குள்ள மாணவரின் மரபுடை. 1887இல் அம்மாணவர் ‘அக்கடெமிக்கா’ என்னும் சங்கத்தை அமைத்தனர். அதன் உதைபந்தாட்ட அணியும் கறுப்புச் சட்டையே அணிந்தது. 1939இல் போர்த்துக்கல் கிண்ணப் போட்டி முதன்முதலாக நடைபெற்றபோது, புகழ்வாய்ந்த பெனிபிக்கா அணியை 4–3 என வென்று கிண்ணத்தைக் கைப்பற்றியவர் இம்மாணவரே. காலையில் விரிவுரை, மாலையில் பயிற்சி என வாழ்ந்தோர் பலர் அவ்வணியில் இருந்தனர்.

அக்காலத்தில் நாட்டை ஆண்டவர் சலசார். பத்திரிகைகளுக்குத் தணிக்கை, எதிர்த்துப் பேசியோருக்குச் சிறை. 1961 முதல் அங்கோலாவிலும், பின்னர் கினியிலும் மொசாம்பிக்கிலும் விடுதலைப் போராளிகளை எதிர்த்துப் போர் நடந்தது. இளைஞர் கட்டாயப் படைச்சேவைக்கு அனுப்பப்பட்டனர். 1968இல் சலசாரின் இடத்திற்குக் கயித்தானு வந்த பின்னரும் ஆட்சியின் இயல்பு மாறவில்லை.

1969 ஏப்பிரல் 17ஆந் திகதி, சனாதிபதி அமெரிக்கு தொமாசு கொயிம்பிராவில் கணிதத்துறைக் கட்டடத்தைத் திறந்துவைக்க வந்தார். மாணவர் சங்கத் தலைவர் அல்பேர்ட்டு மார்ட்டின்சு எழுந்து, மாணவரின் பெயரால் பேச அனுமதி கேட்டார். அவ்வளவே அவர் செய்த குற்றம். அனுமதி மறுக்கப்பட்டது, அன்றிரவே அவர் கைதானார். மாணவர் விரிவுரைகளைப் புறக்கணித்தனர். அடுத்து வந்த பரீட்சைகளையும் புறக்கணித்தனர். நகரெங்கும் பொலிசார் நிறைந்தனர்.

இந்நிலையிலேதான் அக்கடெமிக்கா அணி கிண்ணத்தின் இறுதியாட்டத்துக்குத் தெரிவாயிற்று. எதிரணி மீண்டும் பெனிபிக்கா. அதன் பெருவீரர் மொசாம்பிக்கிற் பிறந்த யூசேபியோ. யூன் 22ஆந் திகதி, லிஸ்பனை அடுத்த தேசிய மைதானத்தில் ஆட்டம் நிகழ்ந்தது. சனாதிபதி அதற்குச் சமுகமளிக்கவில்லை. தொலைக்காட்சியும் அதனை ஒளிபரப்பவில்லை. நாட்டின் கண்ணுக்கு மறைக்கப்பட்ட அவ்வாட்டத்திற்கு மாணவர் திரள் திரளாக வந்து சேர்ந்தனர். பொலிசாரைக் குறைத்துக் கல்வியைப் பெருக்குக என்னும் பொருள்பட எழுதிய பதாகைகள் பார்வையாளர் நடுவே உயர்ந்தன. வழக்கமாக ஓடிவரும் வீரரோ, கறுப்பு மேலங்கியைத் தோளிற் போர்த்து, துக்க ஊர்வலத்திற் செல்வார்போல மெல்ல நடந்து வந்தனர். சொற்பொழிவு தடுக்கப்பட்ட நாட்டில் அந்நடையே சொற்பொழிவாயிற்று.

ஆட்டத்தின் பிற்பகுதியில் அக்கடெமிக்காவின் மனுவேல் அந்தோனியோ முதலாவது கோலைப் போட்டார். வெற்றி கைக்கெட்டும் வேளையில் பெனிபிக்காவின் சிமோயின்சு ஆட்டத்தைச் சமப்படுத்தினார். மேலதிக நேரத்தில் யூசேபியோ போட்ட கோலினால் பெனிபிக்கா 2–1 என வென்றது. கிண்ணம் மாணவருக்குக் கிட்டவில்லை. அவ்வாண்டிலேயே மாணவர் பலர் படைச்சேவைக்கு அனுப்பப்பட்டனர்.

ஆயினும் ஐந்து ஆண்டுகள் கழியுமுன், 1974 ஏப்பிரல் 25ஆந் திகதி அவ்வாட்சி வீழ்ந்தது. அதனை வீழ்த்தியவர் போரில் அலுத்த படை அதிகாரிகள். உதைபந்தாட்ட வீரர் அல்லர். ஆனால் அச்சம் நிறைந்த காலத்தில், அஞ்சாமல் ஒன்றுகூட முடியும் என்பதை ஆயிரக்கணக்கானோர் அம்மைதானத்திற் கண்டிருந்தனர். பேச அனுமதி கேட்டுச் சிறைசென்ற மார்ட்டின்சு, 2009 முதல் 2011 வரை நாட்டின் நீதியமைச்சராகப் பணியாற்றினார். அன்று கோல் போட்ட மனுவேல் அந்தோனியோ மருத்துவராகிப் புற்றுநோயாளருக்குத் தொண்டு செய்தார். 2012இல் அக்கடெமிக்கா மீண்டும் அக்கிண்ணத்தை வென்றது.

பந்தைத் தொட்டாற் படிப்புக் கெடும் என்பார் நம் மலைநாட்டிலும் உளர். தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழக வாயில் நெடுங்காலம் எட்டாத உயரமாயிருந்தமையால், பெற்றோரின் அவ்வச்சம் இயல்பானதே. இன்று 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லச பல்கலைக்கழகம் பதுளையிலேயே இருக்கின்றது. அங்கும் பிற பல்கலைக்கழகங்களிலும் புகும் நம் இளைஞர், நூலோடு பந்தையும் எடுத்துச் செல்லலாம். சக மாணவர் துயருற்றிருக்கும் வேளையில் வெறும் ஆட்டக்காரராய் நின்றுவிடாமையே கொயிம்பிரா வீரரின் பெருமை. அவர்கள் தோற்றது ஓர் ஆட்டம், காத்தது தோழமை.