எலெக்ட்ரிக் கார்: கம்பெனி சொல்ற ரேஞ்ச் ரோட்டில் கிடைக்குமா?

சென்னையில் இருந்து மதுரை சுமார் 460 கி.மீ. 489 கி.மீ ரேஞ்ச் கொண்ட கார் ஒரே சார்ஜில் போய்ச் சேர்ந்துடுமா? சேராது.

45 கிலோவாட் அவர் பேட்டரி உள்ள டாடா நெக்ஸான் இவி-க்குச் சொல்லப்படும் 489, ஆய்வகத்தில் உருளைகள் மேல் ஓட்டி எடுத்த கணக்கு. ரோட்டில் 350 முதல் 375 கி.மீ என்று டாடாவே சொல்கிறது. பைபாஸில் 100-ல் விரட்டினால் அதுவும் குறையும். வேகம் இரட்டிப்பானால் காற்றின் எதிர்ப்பு 4 மடங்கு. ஏசி எல்லாம் அதற்கு அப்புறம்தான். பெட்ரோல் காருக்கு நேர்மாறாக, இவி சிக்கனமாக ஓடுவது சிட்டி டிராஃபிக்கில். பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் சார்ஜ் திரும்ப ஏறும்.

ஆக, உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர் பக்கம் ஒருமுறை சார்ஜ் போட்டே ஆகணும். 20 சதவீதம் இருக்கும்போதே நிறுத்திடுங்க. சார்ஜரில் முன்னாடியே ஒரு கார் நிற்கலாம்!

பேட்டரி சீக்கிரம் போயிடுமோ என்ற பயமா? பல கம்பெனிகள் 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கி.மீ வாரன்டி தருகின்றன. திறன் எவ்வளவு குறைந்தால் மாற்றித் தருவார்கள் என்பதை வாங்கும் முன்பே கேட்டுடுங்க. பேட்டரிக்கு எதிரி சூடு. 100 சதவீதம் ஏற்றி, நாள்கணக்கில் வெயிலில் விடாதீங்க.